பழக்காத பானைக்கு நன்றி

கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

இந்த மேடையின் படியில் கால் வைத்தபோது நான் முதலில் கண்டது அதைத்தான். வேப்பமரத்தடியில் நிற்கும் லொறியில் அறுபது பானைகள் வைக்கோலுக்குள் படுத்திருக்கின்றன. அவற்றுக்கு மேலே தறப்பாள். தறப்பாளுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. காலையில் போட்ட முடிச்சு போட்டபடியே இருக்கிறது. அந்த முடிச்சைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனாலும் வணங்க வேண்டியவர்களை வணங்காமல் தொடங்குவது முறையல்ல.

அலைக்கும் அஞ்சாமல், ஆழத்துக்கும் அஞ்சாமல், அவையில் எவர் மனமும் நோகக்கூடாது என்பதற்கு மட்டும் அஞ்சுகிற எங்கள் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர், இன்றைய அவைத்தலைவர் பத்திநாதர் ஐயா அவர்களே,

வெறிச்சோடிக் கிடந்த கோயிலில் முதல் மணியைத் தன் கையாலேயே அடித்து, போனவர்களை ஊருக்கு அழைத்த எங்கள் பங்குத்தந்தை அவர்களே,

ஒரு வீட்டுக் குசினியில் அழுகுரல் கேட்டால் ஒன்பது வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கும் மாதர் சங்கத் தலைவி அல்போன்சம்மா அவர்களே,

தண்ணீருக்காக எங்களைத் தேடி வந்து, இப்போது தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் நீர்த்திட்ட அலுவலர் கீர்த்திகன் அண்ணை அவர்களே,

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே, பாயில் மடியும் மழலையுமாக அமர்ந்திருக்கும் தாய்மாரே, பந்தல் காலில் சாய்ந்து நிற்கும் அண்ணைமாரே, இருப்பதா போவதா என்று வாசலில் யோசித்துக்கொண்டு நிற்கும் அக்காமாரே, உங்கள் எல்லோருக்கும் இந்த ஜசிந்தாவின் பணிவான வணக்கம்.

எனக்குத் தரப்பட்டது நன்றியுரை. ஏன் எனக்கு? மாதர் சங்கத்தில் மற்றவர்கள் எல்லோரும் தங்களால் ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் ஏலாது என்று நானும் சொன்னேன். நான் சொன்னது எவருக்கும் கேட்கவில்லை.

சிரியுங்கள். என் குரல் அப்படிப்பட்டதுதான். கடையில் நான் சீனி கேட்டால் கடைக்காரர் மூன்று தரம் என்ன, என்ன என்பார். நாலாம் தரம் நான் சீனி இல்லாமலே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் இருந்த காலத்திலும் எழுந்து நின்று ஒரு விடை சொல்லாதவள். அப்படிப்பட்டவளுக்கு இன்று இந்த ஒலிவாங்கி கிடைத்திருக்கிறது. இதை விட்டால் எனக்கு இன்னொன்று கிடைக்காது. அந்த லொறிக்கும் இன்னொரு நாள் கிடைக்காது.

சற்று முன் கீர்த்திகன் அண்ணை இதே இடத்தில் நின்று பேசினார். எங்கள் ஊரில் முதலில் பன்னிரண்டு வீடுகளுக்குப் பானை தந்ததையும், அந்தப் பன்னிரண்டு வீட்டுத் தண்ணீரையும் பரிசோதித்ததையும் சொன்னார். பதினொன்று தோற்றுவிட்டது என்றார். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு இந்தப் பானை ஒத்துவரவில்லைப் போலும் என்றார். ஆகவே லொறியில் இருக்கும் அறுபதையும் வேறோர் ஊருக்குக் கொடுப்பதென்று மேலிடம் முடிவு செய்துவிட்டது என்றார். ஐந்து மணிக்கு முன் லொறி பண்ணைப் பாலத்துச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். இப்போது மூன்றரை.

அவர் பேசி முடித்ததும் நாங்கள் என்ன செய்தோம்? கை தட்டினோம். மரியாதைக்குத் தட்டினோம். நானும் தட்டினேன். அறுபது வீட்டுப் பிள்ளைகளின் சுகத்தை லொறியில் ஏற்றி அனுப்புவதற்கு, நாங்கள் கை நோகத் தட்டினோம்.

ஐயா அவர்களே, அம்மாமாரே, அந்தப் பானைகள் தோற்கவில்லை. தோற்கடிக்கப்பட்டன. தோற்கடித்தவள் நான்.

இல்லை, ஒலிபெருக்கி அண்ணை, ஒலிவாங்கி பழுதாகவில்லை. நீங்கள் கேட்டது சரிதான். தொடர்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு நாங்கள் இந்த ஊரை விட்டுப் போனோம். ஏன் போனோம் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்தப் பந்தலில் வெறுமையாகக் கிடக்கும் கதிரைகளுக்கும் அது தெரியும். திரும்பி வந்தபோது எங்களுக்கு என்ன இருந்தது? கூரையில்லாத வீடு இருந்தது. கதவில்லாத அலுமாரி இருந்தது. வலை வைத்த மூலையில் எலி கொறித்த நூல் இருந்தது. கோயிலடிக் கிணறும் இருந்தது. ஊருக்குள் உப்புக் கரிக்காத ஒரே கிணறு. இறைப்பாரில்லாமல் இரண்டு மாரியைக் கண்ட கிணறு. அதைக் கலக்கி இறைத்தோம், சுண்ணாம்பு போட்டோம், குளோரின் போட்டோம். நாவுக்கு இனித்தது. வயிற்றுக்கு இனிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார்கள். நல்ல அறிவுரைதான். விறகு எங்கே? கண்ணிவெடி இருக்கிறதென்று சிவப்பு நாடா கட்டிய பற்றைக்குள் காலை வைத்து விறகு பொறுக்க எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? இருந்த பன்னாடையையும் பாளையையும் சோறு ஆக்கக் காப்பாற்றுவதா, தண்ணீர் காய்ச்ச எரிப்பதா?

அப்போதுதான் கப்பலில் பன்னிரண்டு பானைகள் வந்தன.

அந்தப் பானை எப்படிப்பட்டது என்று கீர்த்திகன் அண்ணை ஆனி மாதத்திலேயே சொன்னார். கடற்கரை மடுவக் கொட்டகையில் வைத்துச் சொன்னார். அன்று சோளகக் காற்று. ஒலிபெருக்கியில் அவர் சொன்ன வார்த்தைகளில் பாதியைக் காற்றே கேட்டுக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய பாதியில் எங்களுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். வெள்ளி. பானையில் வெள்ளி பூசியிருக்கிறதாம்.

ஓம், அல்போன்சம்மா மாமி, அதையும் நான் சொல்லத்தான் போகிறேன், கோபிக்கக்கூடாது. பானை கைக்கு வந்ததும் மாமி அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தி நுனியால் உள்ளே ஒரு சுரண்டு சுரண்டினார். பிறகு, “வெள்ளி எண்டாங்கள், ஒரு மினுக்கத்தையும் காணேல்லை. உதில சுரண்டி ஒரு மூக்குத்திக்கும் காணாது பிள்ளை” என்றார். அன்று சிரித்த சிரிப்பு இன்னும் எங்களுக்கு முடியவில்லை.

பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ப் பானையை எப்படி வைப்பதென்று காட்ட ஒருவர் தேவைப்பட்டது. எழுத வாசிக்கத் தெரிந்த, வேலை இல்லாத ஒருவர். அது நான். என் கையில் மூன்று படம் போட்ட அட்டை ஒன்றைத் தந்தார்கள். முதற்படத்தில் குழாய் பூட்டிய பிளாஸ்ரிக் வாளி. இரண்டாவதில் அதற்குள்ளே விளிம்பில் தொங்குகிற மண்பானை. மூன்றாவதில் பானைக்குள் தண்ணீர் ஊற்றுகிற கை. பானைக்குள் ஊற்றினால் அது கசிந்து வாளிக்குள் சொட்டும், வாளிக் குழாயைத் திறந்து குடிக்கலாம். இவ்வளவுதான்.

ஊற்றினோம். கசிந்தது. மண் மணத்தது. ஊர் முழுவதும் ஒரே பேச்சு. ஓட்டைப் பானையைக் கட்டித் தந்துவிட்டார்கள் என்றார்கள். கடற்கரைப் பக்கம் இதற்கு ஒழுகல் பானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்னைக் கண்ட இடமெல்லாம், “பிள்ளை, உன்ர பானை அழுகுது, போய் மூக்கைத் துடைச்சு விடு” என்றார்கள். எனக்கு அழுகை வந்தது.

புதுச் சட்டி வாங்கினால் எங்கள் வீடுகளில் என்ன செய்வோம்? சொல்லுங்கள் அம்மாமாரே. ஓம். பழக்குவோம். கஞ்சி ஊற்றிக் கொதிக்க விடுவோம். இரவல் வாங்கியாவது தேங்காயெண்ணெய் பூசுவோம். இரண்டு நாள் அப்படியே வைப்போம். மண்ணில் உள்ள கண்ணெல்லாம் அடைபட்டுவிடும். ஒழுகாது, வெடிக்காது, மணக்காது. பழக்காத சட்டியில் கறி வைக்கிற வீட்டை நாங்கள் ஒரு வீடாகவே மதிப்பதில்லை.

நான் ஒவ்வொரு வீடாகப் போனேன். என் கையாலேயே கஞ்சி ஊற்றினேன். என் கையாலேயே எண்ணெய் தேய்த்தேன். என் அக்கா வீட்டுப் பானைக்கு மற்ற வீடுகளை விட ஒரு தரம் கூடவே தேய்த்தேன், உரித்து அல்லவா. ஒழுகல் குறைந்தது. மணம் போனது. பானை நிரம்பியபடியே நின்றது. பெண்கள் இன்னும் ஊற்றினார்கள். நிரம்பி வழிந்த தண்ணீர் பானை விளிம்பைத் தாண்டி நேரே வாளிக்குள் விழுந்தது. வாளி விரைவாக நிறைந்தது. எல்லோருக்கும் சந்தோசம். பானை நன்றாகப் பழகிவிட்டது, ஜசிந்தா கெட்டிக்காரி என்றார்கள்.

பள்ளிக்கூடம் விட்டபிறகு என்னை எவரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. அந்தச் சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுத்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் எடுத்ததற்கும் அந்தச் சொல்தான் காரணம்.

பன்னிரண்டில் ஒரே ஒரு வீடு மட்டும் பழக்கவில்லை. அன்ரனிட்டா அக்கா வீடு. புருசன் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு தறப்பாள் கொட்டிலில் இருக்கிற அக்கா. நான் மூன்று தரம் போய்ச் சொன்னேன். ஓம் செய்யிறன் என்றார். செய்யவில்லை. அந்த வீட்டுப் பானை மட்டும் நாளெல்லாம் சொட்டுச் சொட்டாக அழுதுகொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் கிணற்றடியில் பத்துப் பெண்கள் நிற்கும்போது அவரிடம் நான் கேட்டேன், “ஏன் அக்கா, ஒரு பானையைப் பழக்கவும் உங்களுக்குப் பஞ்சியோ?”

சோம்பல் என்று சொன்னேன். மூன்று பிள்ளைகளுக்குத் தனியே பாடுபடுகிற ஒருத்தியைப் பார்த்து, சீனி வாங்கக்கூடக் குரல் எழாத நான், பத்துப் பேருக்கு நடுவில் உரக்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்ரனிட்டா அக்காவும் சிரித்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆவணி பிறந்தது. என் அக்காவின் பிள்ளைக்கு எட்டு மாதம். அவளுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. ஒரு பகலுக்குள் கண் குழிந்துவிட்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். சோதனைச்சாவடியில் வரிசை. வெயில். அக்கா பிள்ளையின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் தெரியுமா? எங்கள் பானை நல்ல பானை, நன்றாகப் பழக்கிய பானை, அப்படியிருக்க இது எப்படி வந்தது என்று நினைத்தேன்.

பிள்ளை பிழைத்தாள். கடவுளுக்கும் வைத்தியர்களுக்கும் நன்றி. அதோ மூன்றாம் பாயில், என் பேச்சைக் கேட்காமல் தன் கால் விரலைக் கடித்துக்கொண்டிருப்பவள் அவள்தான். பன்னிரண்டு வீட்டில் எட்டு வீட்டுப் பிள்ளைகள் அந்த மாதம் படுத்தார்கள். படுக்காத பிள்ளைகளும் இருந்தார்கள். அன்ரனிட்டா அக்காவின் மூன்றும் கிணற்றடியில் ஓடித் திரிந்தன. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கல்லையும் கரைக்கிற வயிறு என்று பேசிக்கொண்டோம்.

போன கிழமை கீர்த்திகன் அண்ணை வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டும் உபரியாக ஒன்றுமாகச் சிறு போத்தல்களோடு வந்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து தோய்த்துக் காயவைத்த ஒரு துண்டுக் கடதாசி. பானைத் தண்ணீரை ஊற்றி மூடி இரண்டு நாள் வைக்க வேண்டும். வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். ஒவ்வொரு போத்தலிலும் வீட்டு இலக்கத்தை நான்தான் எழுதி ஒட்டினேன். சங்கக் கட்டட யன்னலில் வரிசையாக அடுக்கினோம்.

மூன்றாம் நாள் காலை நான்தான் முதலில் போனேன். கறுப்பு. கறுப்பு. கறுப்பு. ஊருக்குத் துக்கம் விழுந்ததுபோல் பதினொரு போத்தலும் கறுத்து நின்றன. ஒன்று மட்டும் ஊற்றியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதன் பின்னால் கடல் தெரிந்தது. இலக்கம் ஒன்பது, என் கையெழுத்து. அன்ரனிட்டா அக்கா.

கீர்த்திகன் அண்ணை அதைப் பார்த்தார். பதினொன்று ஒரு கதை சொல்லும்போது ஒன்று வேறு கதை சொன்னால், ஒன்றில்தான் பிழை என்று நினைத்தார். அந்த வீட்டில் கடைப் போத்தல் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள் என்றார். அவரில் குற்றமில்லை. நாங்கள் பானைக்குக் கஞ்சி ஊற்றினோம் என்று அவருக்கு யார் சொன்னது? பானையைப் பழக்காதே என்று அட்டையில் எவரும் எழுதவில்லை. கொழும்பில் இருந்து படம் கீறியவருக்கு எங்கள் குசினி வழக்கம் எப்படித் தெரியும்?

நான் ஒன்பதாம் இலக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கொட்டிலுக்குப் போனேன். அக்கா, ஏன் நீங்கள் பானையைப் பழக்கவில்லை என்று கேட்டேன். இந்தத் தரம் மெல்லத்தான் கேட்டேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“கஞ்சி வைக்க அரிசி இருந்தா, நான் அதைப் பானைக்கே ஊத்துவன்? பிள்ளையளுக்கெல்லோ ஊத்துவன்.”

அவ்வளவுதான் சொன்னார்.

பஞ்சி என்று நாங்கள் சொன்னோமே, அது பஞ்சியா? பன்னிரண்டு வீட்டில் ஒரே வீட்டில்தான் பானைக்கு ஊற்றக் கஞ்சி இருக்கவில்லை. பூச எண்ணெய் இருக்கவில்லை. அந்த வீட்டுப் பானையை மட்டும் எவரும் கெடுக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு நாளும் படுக்கவில்லை.

என்னிடம் அந்த உபரிப் போத்தல் கடதாசியோடு மிஞ்சியிருந்தது. கோயிலடிக் கிணற்றில் நானே அள்ளினேன். அந்தப் பானையில் நானே ஊற்றினேன். சொட்டியதை நானே பிடித்து மூடினேன். நேற்றோடு இரண்டு நாள். இதோ, என் கையில் இருக்கிறது. முன்னால் இருக்கும் ஐயாமார் வாங்கிப் பாருங்கள். அதே ஊர், அதே கிணறு, அதே தண்ணீர். கறுக்கவில்லை.

அந்தப் பானைக்குள் என்னதான் நடக்கிறது? சற்று முன் கீர்த்திகன் அண்ணை அதையும் விளக்கினார், இன்று காற்று இல்லாதபடியால் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு விளங்கியபடி நான் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள் அண்ணை.

களிமண்ணோடு உமியை மாவாக இடித்துக் குழைக்கிறார்கள். பானையாக்கிச் சுடுகிறார்கள். சூளையில் உமி எரிந்துபோகிறது. உமி இருந்த இடமெல்லாம் வெற்றிடம். கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் சந்து ஒழுங்கைகள். தண்ணீர் அந்த ஒழுங்கைகளால் ஊர்ந்து ஊர்ந்து வருகிறது. பெரிய கிருமி நுழைய முடியாமல் நிற்கிறது. நெளிந்து நுழைகிற கிருமிக்குத்தான் வெள்ளி காத்திருக்கிறது. எப்படிப்பட்ட வெள்ளி? அல்போன்சம்மா மாமியின் கத்திக்கு அகப்படாத வெள்ளி. ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஆயிரம் துகளை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு பொடி. அது கிருமியின் தோலில் ஒட்டுகிறது. தோலைக் கிழிக்கிறது. கிருமி சாகிறது. உப்பை அது எடுக்காது, உவர்த் தண்ணீரை இனிப்பாக்காது. உயிரைக் குடிக்கும் கிருமியைக் கொல்லும்.

நான் என்ன செய்தேன்? அந்த ஒழுங்கைகளில் கஞ்சியை ஊற்றி அடைத்தேன். அந்த வெள்ளிக்கு மேல் எண்ணெயைப் பூசி மூடினேன். வழி அடைபட்ட தண்ணீர், வந்தபடியே விளிம்பால் வழிந்து வாளிக்குள் விழுந்தது. ஒழுகுவது அந்தப் பானையின் குறை என்று நினைத்தோம். ஒழுகுவதுதான் அதன் தொழில். எங்களுக்காக வியர்த்துக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்து, அழுகிறது என்று சிரித்தோம்.

பானைகளைக் குறை சொல்லாதீர்கள். கிணற்றைக் குறை சொல்லாதீர்கள். என்னைச் சொல்லுங்கள். ஆனால் நான் செய்த பிழைக்கு அறுபது வீட்டுப் பிள்ளைகளைத் தண்டிக்காதீர்கள்.

கீர்த்திகன் அண்ணை, நான் ஒருத்தி சொன்னால் மேலிடம் நம்பாது. தெரியும். அதனால் இந்தச் சபையிடம் ஒன்று கேட்கிறேன். பானையைப் பழக்கிய பதினொரு வீட்டுத் தாய்மாரும் இங்கே இருக்கிறீர்கள். நான் சொல்லித்தான் செய்தீர்கள். உங்களில் பழி இல்லை. தயவுசெய்து கையை உயர்த்துங்கள்.

வெட்கமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. மூன்று நாள் இருந்தது. கீர்த்திகன் அண்ணையின் மோட்டார் சைக்கிள் வரை போய்ப் போய்த் திரும்பினேன். வெட்கப்பட்டால் என்ன மிஞ்சும்? ஐந்து மணிக்கு லொறி போகும். மாரி வரும். கிணறு நிரம்பும். எங்கள் மடியில் இன்னொரு பிள்ளை கண்ணீர் வராமல் அழும். அப்போது இந்தக் கைகளை எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறோம்?

நான் காத்திருக்கிறேன்.

முதற்கை. நன்றி, அல்போன்சம்மா மாமி. மேடையில் இருந்துகொண்டே உயர்த்தினீர்கள், இதை நான் மறக்கமாட்டேன். அக்கா, நீயும். அங்கே மூன்று. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற அம்மா, மற்றக் கையை உயர்த்துகிறீர்கள், கண்டேன். ஏழு. எட்டு. பந்தல் காலுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம் மாமி, சேலைக்கரை தெரிகிறது. பத்து. இன்னும் ஒன்று. எங்கள் அம்மா. பதினொன்று.

கீர்த்திகன் அண்ணை, பாருங்கள். சங்க யன்னலில் கறுத்து நின்ற பதினொரு போத்தலும் இப்போது கையை உயர்த்திக்கொண்டு நிற்கின்றன.

பொறுங்கள். அண்ணை ஏதோ சொல்கிறார்.

கேட்கவில்லையென்றால் நான் சொல்கிறேன். மேலிடத்துக்கு இப்போதே தொலைபேசி எடுப்பாராம். பதினொரு கையையும் தன் கண்ணால் கண்டதாக எழுதித் தருவாராம். கெட்டுப்போன பதினொரு பானையையும் திரும்பக் கொண்டுபோய்ச் சூளையில் இன்னொரு தரம் சுட்டுப் பார்ப்பாராம். கஞ்சியும் எண்ணெயும் எரிந்துபோனால் வெள்ளியைத் திரும்பப் பூசலாமாம். சரிவருமோ தெரியாது, முயன்று பார்க்கலாம் என்கிறார். ஆனால் அறுபது பானையும் இங்கே இறங்குவதென்றால் தனக்கு ஒரு நிபந்தனை என்கிறார். வீடு வீடாகப் போய்க் காட்டிக்கொடுக்க ஒருவர் வேண்டும். பிழைவிடாத ஒருவர்.

அது நான் இல்லை. எங்கள் ஊரில் பிழைவிடாதவர் ஒரே ஒருவர்தான். வாசலில், லொறிக்குப் பக்கத்தில், இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறார். இதுவரை பந்தலுக்குள்ளே வராமல் நிற்கிறார். கதிரை கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை. அன்ரனிட்டா அக்கா, கிணற்றடியில் பத்துப் பேருக்கு முன்னால் சொன்னதை இருநூறு பேருக்கு முன்னால் திரும்ப எடுக்கிறேன். என்னை மன்னியுங்கள். எங்களுக்குக் காட்டித் தாருங்கள்.

அக்கா தலையை ஆட்டுகிறார். ஓம் என்றுதான் ஆட்டுகிறார், நான் கண்டேன்.

அம்மாமாரே, இது முடிவல்ல. மண்ணுக்கு மேலே பூசுகிற வெள்ளி கழுவக் கழுவத் தேயும். பல்கலைக்கழகங்களில் இப்போது மண்ணைச் சுடுவதற்கு முன்பே, அதன் பொடிக்குள்ளேயே வெள்ளியையும் செம்பையும் துத்தநாகத்தையும் கலந்து பார்க்கிறார்களாம். கழுவினாலும் போகாமல், தேய்த்தாலும் தேயாமல் கிருமியை எதிர்த்து நிற்கிற பானைகளும் ஆஸ்பத்திரி ஓடுகளும் ஒரு நாள் வருமாம். வரட்டும். அவை எங்கள் ஊருக்கு வருகிற அன்று, ஒழுகினால் ஏன் ஒழுகுகிறது என்று கேட்கப் பழகியிருப்போம். கேட்காமல் கஞ்சி ஊற்றமாட்டோம்.

நன்றியுரைக்கு வருகிறேன். எழுதித் தந்த தாளில் ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. தலைவர் ஐயா, பங்குத்தந்தை, சங்கத் தலைவி, நீர்த்திட்ட அலுவலர், பந்தல் போட்டவர்கள், ஒலிபெருக்கி தந்தவர், தேநீர் ஊற்றியவர்கள், லொறிச் சாரதி, வருகை தந்த நீங்கள். ஒன்பது பேருக்கும் ஊரின் பெயரால் நெஞ்சு நிறைந்த நன்றி.

பத்தாவது பெயரைத் தாளில் எழுதாமல் விட்டுவிட்டார்கள். நான் இப்போது பேனையால் எழுதிவிட்டேன். அன்ரனிட்டா அக்கா, உங்களுக்கும், கஞ்சி காணாத உங்கள் பானைக்கும் நன்றி.

இருந்து கேட்ட எல்லோருக்கும் வணக்கம். மணி நாலு ஆகிறது. கீர்த்திகன் அண்ணை தொலைபேசியை எடுத்துவிட்டார். நான் இறங்கிப் போய் அந்தக் கயிற்றை அவிழ்க்கப் போகிறேன்.